வாழை வைத்த அத்திவாரம்

உருத்திரபுரம்
21.2.1965

மயில்வாகனத்துக்கு,

அக்கா அன்னபாக்கியம் எழுதுகிறேன். எந்த அக்கா என்று யோசிக்காதே, உனக்கு ஒரு அக்காதான். இருபத்தேழு வருஷம் கழித்து ஏன் கடிதம் என்றும் யோசிக்காதே. சமாதானம் பேச எழுதவில்லை. சாக்கைப் பற்றிக் கேட்க எழுதுகிறேன்.

மார்கழிப் புயலில் எங்கள் கொலனி வீடு போய்விட்டது. முதலில் கூரை போனது. பிறகு வாய்க்கால் உடைத்து வந்த தண்ணீரில் மண்சுவர் மூன்று நாள் ஊறி, நாலாம் நாள் மாடு முன்னங்கால் மடித்துப் படுக்கிற மாதிரிப் படுத்தது. இப்போது நானும் மகள் இரஞ்சிதமும் மருமகன் தவராசாவும் அவர்களுடைய மூத்த பெட்டையும் நெல்லுப் போடுகிற கொட்டிலில் இருக்கிறோம். இரஞ்சிதம் திரும்பவும் பிள்ளைத்தாச்சி. ஐப்பசியில் பிள்ளை பிறக்கும். மாரியும் ஐப்பசியில்தான் தொடங்கும். போன தடவை அவளுக்குப் பிறந்த ஆண்பிள்ளை ஈரச் சுவருக்குப் பக்கத்தில் கிடந்து ஒன்பதாம் நாள் மூச்சு முட்டிப் போனது. இந்தப் பிள்ளை ஈரமில்லாத ஓர் அறையில் பிறக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

நிவாரணமாகச் சீமெந்து தந்திருக்கிறார்கள். கிளிநொச்சி மேசன் வீரகத்தி வந்து கிடங்கு வெட்டிப் பார்த்தான். முழங்கால் அளவு வெட்ட முன்னமே பக்கம் சரிகிறது. களிமண், அடியிலே ஊற்று. "பலகை அடிக்காமல் இதுக்குள்ள கொங்கிறீற்று நிக்காது ஆச்சி. பலகைக்கு எங்க போறது? ஊரெல்லாம் கூரைக்குப் பலகை தேடுது" என்று சொல்லி, மண்வெட்டியைக் கழுவிக்கொண்டு போய்விட்டான்.

போன கிழமை மீன் கொண்டுவந்த ஆள் சொன்னான்: "முல்லைத்தீவுப் பக்கம் ஒரு மேசன் ஏரித் தண்ணிக்குள்ள சாக்கில கொங்கிறீற்றுக் கட்டி அடியில தாட்டு இறங்குதுறை போடுறார். பலகை ஒண்டும் இல்லை. கொஞ்சம் நொண்டி. வரணி ஆளெண்டு கதை." மேசன், நொண்டி, வரணி. மூன்றும் சேர்ந்தால் நீதான்.

புயலில் செத்தவர்களின் பேர்களுக்குள் உன்னைத் தேடினேன் என்று நினைத்துவிடாதே. சங்கக்கடைக்குச் சீனி வாங்கப் போன இடத்தில் பேப்பர் கிடந்தது, பார்த்தேன். பதினொரு நாள் சீனி வாங்கினேன்.

சாக்கில் எப்படிக் கட்டுவது என்று எழுது. வேறு ஒன்றும் எழுதத் தேவையில்லை. என் எழுத்தில் பிழை இருந்தால் அது மூன்றாம் வகுப்போடு என்னை மறித்த அப்புவின் பிழை.

அன்னபாக்கியம்


சிலாவத்தை, முல்லைத்தீவு
5.3.1965

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் ஒன்பது நாள் ஊர் சுற்றிவிட்டுத்தான் என்னிடம் வந்தது. இங்கே மயில்வாகனம் என்றால் ஒருவருக்கும் தெரியாது. தபாற்காரன் மூன்று மீன்வாடியில் விசாரித்துப் பார்த்துக் கடைசியில் என்னிடம் நீட்டினான். "எழுத்தே கோவமா இருக்குது. உங்கட ஆக்களோ பாருங்கோ" என்றான். அடுத்த முறை உறையில் அருளப்பு என்று போடுங்கள். முப்பத்தோரு வருஷமாக அதுதான் என் பேர்.

நீங்கள் சாக்கைப் பற்றி மட்டும் எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

இளகின மண்ணில் பலகை அடித்தால் பலகை மண்ணோடு மல்லுக்கட்டும். மண் தள்ளும், பலகை தள்ளும், கடைசியில் பலகை வளையும். துணி அப்படியில்லை. நீளமான பை தைத்துக் கிடங்குக்குள் விரித்து, அதற்குள் கலவையைப் போட்டு, வாயைத் தைத்துவிட்டால், மண் எங்கே குழிந்திருக்கிறதோ அங்கே அது குழிந்து படுக்கும். எங்கே மேடோ அங்கே ஒதுங்கும். மிச்சத் தண்ணீர் துணியால் கசிந்து போகும், சீமெந்து உள்ளே நிற்கும். அப்படி இறுகினது, பலகைக்குள் போட்டதைவிடக் கெட்டி. சரிந்த கிடங்கென்றாலும் பரவாயில்லை, சரிந்த அளவுக்குப் பை பிடித்துக்கொள்ளும். நாங்கள் ஏரிக்குள் போட்ட பைகள் புயலுக்கும் அசையவில்லை.

வாசிக்க இது லேசு, செய்ய லேசில்லை. நானே வந்து போட்டுத் தருகிறேன். ஆனால் தனியே வரமாட்டேன். மார்கிறட்டும் வருவாள். என் மனிசியை உள்ளே கூப்பிடாத படலைக்குள் நானும் கால் வைக்கமாட்டேன். இது இன்றைக்கு எடுத்த முடிவில்லை. அம்மாவின் செத்தவீட்டன்று, நீங்கள் படலையைச் சாத்திக் கொளுவின பிறகு, பிரேதம் வெளியே வரும்வரைக்கும் வெயிலில் நின்றோமே, அப்போது எடுத்தது.

தம்பி,
அருளப்பு


உருத்திரபுரம்
19.3.1965

தம்பிக்கு,

உறையில் "சிலாவத்தை மேசன்" என்று போட்டிருக்கிறேன். அருளப்பு என்று நான் எழுதமாட்டேன். உனக்குப் பேர் வைத்த அன்று எனக்கு ஐந்து வயது. அப்பு உன்னை என் மடியில் கிடத்தி, "காதுக்குள்ள மூண்டுதரம் சொல்லு பிள்ளை" என்றார். மயில்வாகனம் என்று மூன்று தரம் சொன்னேன். மூன்றாவது தரம் நீ என் சட்டையை நனைத்தாய். அந்தப் பேரை அழிக்கிறதற்கு என்னைக் கேட்டாயா?

மண்ணோடு மல்லுக்கட்டுகிற பலகை என்று யாரை எழுதியிருக்கிறாய் என்று விளங்காத அளவுக்கு நான் கிழண்டிப் போகவில்லை.

கிடங்கைப் பற்றியும் நீ எனக்குப் படிப்பிக்க வேண்டாம். 1933 தைப்பொங்கல் கழிந்து ஒன்பதாம் நாள், அம்மாவுக்குக் கல்வீடு கட்டவென்று வரணி வளவில் அத்திவாரக் கிடங்கு வெட்டினாய். நீளம் பதினெட்டு முழம், அகலம் பன்னிரண்டு முழம். "முல்லைத்தீவில கோயில் வேலை ஒண்டு வந்திருக்குதம்மா, முடிச்சுப்போட்டுக் கல்லோட வாறன், வைகாசிக்குள்ள" என்றாய். எந்த வைகாசி என்று சொல்லவில்லை.

முதல் மாரிக்குக் கிடங்கு நிறையத் தண்ணீர் நின்றது. அடுத்த வருஷம் அம்மா அதற்குள் வாழைக்குட்டி வைத்தா. "சும்மா கிடக்கிற கிடங்குதானே. அவன் வந்தால் வெட்டி எறியலாம்" என்றா. நாலு பக்கமும் வாழை, நடுவிலே ஒன்றுமில்லை. வந்த ஆட்களை அம்மா அந்த நடுவுக்குக் கூட்டிக்கொண்டு போய், "இது விறாந்தை. இது சாமியறை. இதில குசினி" என்று காட்டுவா. நாலு வருஷம் காட்டினா. சிரித்தவர்களின் பேர் எனக்கு இன்றைக்கும் ஞாபகம். அவர்களின் கலியாண வீடுகளுக்கு நான் போனதில்லை.

படலையைச் சாத்தினேன். ஓம். அதை இப்போதும் மாற்றிச் சொல்லமாட்டேன்.

ஒருவரும் வரத் தேவையில்லை. பையை எந்த அளவில் தைக்கிறது, எதை எவ்வளவு போடுகிறது என்று எழுது. எனக்குச் சாக்குத் தைக்கத் தெரியும்.

அன்னபாக்கியம்


சிலாவத்தை
27.4.1965

அன்புள்ள அக்காவுக்கு,

வாழையைப் பற்றி எனக்குத் தெரியாது. உங்கள் கடிதத்தை வாசித்த பிறகு இரண்டு கிழமை வேலைக்குப் போகவில்லை. முழங்கால் வலி என்று சொன்னேன்.

1933 சித்திரையில் கோயில் சாரத்தால் விழுந்து காலை முறித்தேன். நாலு மாதம் மார்கிறட்டின் தகப்பன் வீட்டில் கிடந்தேன். அவள்தான் கஞ்சி காய்ச்சித் தந்தாள், காலில் பத்துக் கட்டினாள், என்னைச் சுவரோடு பிடித்து நடக்கப் பழக்கினாள். அவளைக் கட்டவென்று வேதத்தில் சேர்ந்தேன். ஒருவரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. 1934 ஆவணியில் எல்லாவற்றையும் அம்மாவுக்கு எழுதினேன். கால் முறிந்தது, கலியாணம், ஞானஸ்நானம், எல்லாம். "நீங்கள் ஓம் என்றால் இரண்டு பேரும் வந்து வீட்டைக் கட்டித் தருவோம், இல்லையென்றால் இல்லையென்று ஒரு சொல் எழுதுவியுங்கோ" என்று எழுதினேன். அந்த வீட்டில் வாசிக்கத் தெரிந்தவ நீங்கள் மட்டும். பதில் வரவில்லை. அதுதான் அம்மாவின் பதில் என்று எடுத்துக்கொண்டேன்.

சரி, இனி வேலை.

சாக்குத் தைக்க வேண்டாம். உங்கள் நூல் கலவையின் பாரத்துக்கு நிற்காது. பாய்ச்சீலையில் தைத்த பதினாலு பை மீன் லொறியில் வருகிறது. வள்ளத்தில் ஓடின பழைய பாய், ஆனால் நெசவு உறுதி. மடித்து இரட்டைத் தையல் போட்டது மார்கிறட். நாலு மூலைப் பைக்கும் சிவப்பு நூலில் அடையாளம் வைத்திருக்கிறாள். ஒரு பங்கு சீமெந்து, இரண்டு பங்கு மணல், நாலு பங்கு சல்லிக்கல். தண்ணீர் குறைவு, உருட்டினால் கையில் நிற்க வேண்டும். நல்ல கிணற்றுத் தண்ணீர் மட்டும். பையை நிரப்பி வாயைத் தைத்து, மேலே மரக்கட்டையால் மெல்லத் தட்டுங்கள், அடிக்க வேண்டாம். ஒன்றின் தலை மற்றதன் காலில் ஏற வேண்டும். ஏழு நாள் நனைத்துக்கொண்டு இருங்கள். பை போதாவிட்டால் நெல்லுச் சாக்குப் போடலாம். சீனிச் சாக்கு மட்டும் கிட்டவும் வரக்கூடாது.

அருளப்பு


உருத்திரபுரம்
24.5.1965

தம்பிக்கு,

பைகள் வந்தன. பதினாலும் சரி. மீன் வெடில். இரண்டு தரம் கழுவி வேலியில் காயப் போட்டேன். ரோட்டால் போனவர்கள், கப்பல் ஏதும் கரை தட்டினதோ என்று கேட்டார்கள்.

தையல் நல்லது. நான் இழுத்துப் பார்த்தேன், தவராசா இழுத்துப் பார்த்தான், பிரியவில்லை. யார் தைத்தது என்று நான் கேட்கவில்லை, நீயாகத்தான் எழுதினாய்.

வைகாசி வியாழக்கிழமை, வருகிற மூன்றாம் திகதி நாள் வைத்திருக்கிறது. முதல் கல் வைக்கிறதென்றால் இந்த முறையில் கல்லே இல்லை. கல்லில்லாமல் எப்படி நாள் பார்க்கிறது என்று ஐயர் தலையைச் சொறிந்தார். அதற்கு நான் ஒரு வழி வைத்திருக்கிறேன்.

1934 என்று ஏதோ எழுதியிருந்தாய். கொட்டிலுக்குள் வெளிச்சம் காணாது. அந்தப் பக்கத்தை வடிவாக வாசிக்க முடியவில்லை.

அன்னபாக்கியம்


உருத்திரபுரம்
14.6.1965

தம்பிக்கு,

உன் பேச்சைக் கேட்டது என் பிழை.

குறித்த நாளில் தொடங்கி மூன்று நாளில் பதினாலு பையும் போட்டோம். கொலனியில் பாதி வந்து வேலியில் நின்றது. "அன்னபாக்கியமக்கா அத்திவாரத்துக்குச் சட்டை தைச்சுப் போடுறா" என்று ஒருத்தி. "தாவணியும் போடுங்கோ அக்கா, குளிரும்" என்று இன்னொருத்தி. வீரகத்தியும் வந்து நின்றான். நீ எழுதினபடியே எல்லாம் நடந்தது. பை மண்ணோடு மண்ணாகப் படுத்தது. துணி வியர்த்தது. தவராசா தட்டத் தட்டத் தண்ணீர் முத்து முத்தாக வெளியே வந்தது. வேலியில் நின்ற வாய்கள் மூடிக்கொண்டன. வீரகத்தி இறங்கிவந்து பையைத் தடவிப் பார்த்தான். "ஆச்சி, உங்கட தம்பியார் விண்ணன்" என்றான். எனக்கு... அதை விடு.

ஏழாம் நாள் பதின்மூன்று பை கல்லு. அலவாங்கால் தட்டினால் மணி மாதிரிக் கேட்கிறது. முதன்முதல் போட்ட ஈசான மூலைப் பை மட்டும் இறுகவில்லை. இன்றைக்குப் பதினோராம் நாள். விரலால் அமத்தினால் பள்ளம் விழுகிறது. தொதல் மாதிரிக் கிடக்கிறது. ஊருக்கெல்லாம் இப்போது அது ஒரு பகிடி.

வீட்டுக்கு மூலையென்றால் ஈசான மூலை. அந்த மூலை இல்லாமல் சுவர் எழும்பாது, சுவர் இல்லாமல் கூரை இல்லை, ஐப்பசி வந்து நிற்கிறது. மற்றப் பையெல்லாம் சரியாயிருக்க அந்த ஒரு பை மட்டும் ஏன்? சிவப்பு நூலில் அடையாளம் வைத்தாளே உன் மனிசி, வேறு எதையும் வைத்துத் தைத்தாளோ என்று கேள். சாத்தின படலை அவளுக்கும் ஞாபகம் இருக்கும்.

அன்னபாக்கியம்


சிலாவத்தை
23.6.1965

அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை மார்கிறட்டுக்குக் காட்டவில்லை. உங்கள் கடிதத்தையும் காட்டவில்லை.

பதினாலு பையும் ஒரே பாயில் வெட்டினது. ஒரே நூல். பதின்மூன்று கல்லாகி ஒன்று தொதலாகக் கிடந்தால் பிழை பையில் இல்லை, பைக்குள் போனதில்.

அது யாருடைய பாய் என்று நான் எழுதவில்லை. எழுத வேண்டாம் என்று அவள் சொன்னாள். இப்போது எழுதுகிறேன். மார்கிறட்டின் தம்பி கொன்ஸ்ரன்ரைனுடைய பாய். புயலன்று வள்ளத்தைக் கரைக்கு இழுக்கப் போனவன். மூன்றாம் நாள் வள்ளம் கவிழ்ந்தபடி ஒதுங்கியது, பாய் அதோடு சுற்றிக்கிடந்தது. அவன் ஒதுங்கவில்லை. அந்தப் பாயை அவள் மடித்து, அலுமாரிக்கு மேலே வைத்திருந்தாள். உங்கள் இரண்டாவது கடிதத்தை நான் வாசித்துக் காட்டினேன், வாழையை மட்டும், படலையை விட்டுவிட்டு. அவள் எழும்பிப் போய்ப் பாயை இறக்கிக் கத்திரிக்கோலை எடுத்தாள்.

"என்னடியப்பா செய்யிறாய்?" என்றேன்.

"என்ர தம்பிக்கு இனிப் பாய் தேவையில்லை. உங்கட அக்காவுக்குத் தம்பி இருக்கிறார்தானே. அனுப்புங்கோ" என்றாள்.

அந்த மூலைப் பைக்குள் என்ன போட்டீர்கள்? நான் சொன்னதைத் தவிர என்ன போட்டீர்கள்? அதை மட்டும் எழுதுங்கள்.

அருளப்பு


உருத்திரபுரம்
6.7.1965

தம்பி,

இதை மூன்று தரம் எழுதிக் கிழித்தேன். கொட்டிலுக்குள் வெளிச்சம் காணும். எப்போதும் கண்டதுதான்.

மூலைக்குள் நான் பனங்கட்டி போட்டேன்.

எங்கள் ஆட்கள் முதல் கல்லைப் பனங்கட்டித் தண்ணீரால் கழுவித்தான் வைப்பார்கள், வீடு இனிக்க வேண்டும் என்று. நீ மறந்திருப்பாய். இங்கே கழுவுவதற்குக் கல் இல்லை. அதனால் கும்பத் தண்ணீரில் ஓலைக் குட்டான் ஒன்றின் பனங்கட்டி முழுவதையும் கரைத்து, அந்தத் தண்ணீரில் முதல் கலவையைக் குழைக்கச் சொன்னேன். "இவ்வளவும் ஏன் மாமி?" என்று தவராசா கேட்டான். ஊற்றடா என்றேன்.

அது சும்மா குட்டான் இல்லை. நீ கிடங்கு வெட்டின அன்று அம்மா ஒரு குட்டான் பனங்கட்டியைக் குசினிக் கூரை வளையில் கட்டித் தூக்கினா, முதல் கல்லுக்கு. வருஷம் முடிய அதை இறக்கிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் புதுசு கட்டுவா. அம்மா போன பிறகு நான் கட்டினேன். உருத்திரபுரத்துக்குக் காணி கிடைத்து வந்தபோது இங்கேயும் கட்டினேன். புயலில் கொட்டிலுக்கு ஓடும்போது இரஞ்சிதம் பிள்ளையைத் தூக்கினாள், நான் குட்டானைத் தூக்கினேன். அது உன் கையால் ஊற்ற வேண்டியது. நீ இல்லை. அதனால் முழுவதையும் ஊற்றினேன்.

இனி 1934. உன் கடிதம் வந்தது. அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தா. "வாசி பிள்ளை" என்றா. நான் முதலில் மனசுக்குள் வாசித்தேன். பிறகு காகிதத்தைப் பார்த்தபடி அதில் இல்லாத ஒன்றை வாசித்தேன். "வேலை இன்னும் முடியேல்லையம்மா. முடிய வாறன்." அம்மா சுளகைக் கீழே வைத்துவிட்டு, "திருப்பி வாசி" என்றா. திருப்பி வாசித்தபோது முதல் சொன்னது சரியாக ஞாபகம் வரவில்லை. "கெதியா வாறன்" என்று ஒரு சொல் கூடிவிட்டது. சீக்கிரம் வருவான் என்று அந்தச் சொல்லைத்தான் அம்மா பிடித்துக்கொண்டா. அடுத்த நாள் வாழைக்குட்டி வைத்தா.

சொன்னால் அம்மா தாங்கமாட்டா என்று நினைத்தேன். அது பாதி. நீ ஒருத்திக்காக எங்களை விட்டாய் என்கிற கோபம் மற்றப் பாதி. நீ எழுதச் சொன்ன அந்த ஒரு சொல்லை அம்மா சொல்ல நான் இடம் விடவில்லை. ஓம் என்றுதான் சொல்லியிருப்பா. உனக்கும் தெரியும்.

செத்தவீட்டில் படலையை ஏன் சாத்தினேன்? நீ உள்ளே வந்தால், ஏனடா ஒரு கடிதம்கூடப் போடவில்லை என்று யாராவது கேட்பார்கள். போட்டேனே என்று நீ சொல்வாய். அதற்காகச் சாத்தினேன். வேதம் மாறினவன் என்று வெளியே சொன்னேன்.

மற்றவர்கள் எனக்குச் செய்தது எல்லாம் நாள், கிழமையோடு எனக்கு ஞாபகம். நான் செய்தது இது ஒன்றுக்கும் நாள் ஞாபகம் இருக்கிறது. ஆவணி பதினேழு.

மார்கிறட்டைப் பற்றி எழுதினது பிழை. அந்தப் பாயை இரண்டு தரம் கழுவினேன் என்று பெருமையாக எழுதினேன். தெரிந்திருந்தால் கழுவியிருக்கமாட்டேன்.

அக்கா


உருத்திரபுரம்
28.7.1965

தம்பி,

கடிதம் கிடைத்ததா? தபாற்காரன் கொடுத்தேன் என்கிறான். கோபமென்றால் கோபம் என்று எழுது. வாசிப்பேன். உள்ளதை உள்ளபடி வாசிப்பேன்.

அக்கா


சிலாவத்தை
4.8.1965

அன்புள்ள அக்காவுக்கு,

கிடைத்தது. கோபப்பட்டுப் பார்த்தேன். மூன்று கிழமை முயற்சி செய்தேன். ஏரிக்கரையில் நின்று சத்தம் போட்டேன், கூலிக்காரர் பயந்து போனார்கள். ஆனால் கோபத்துக்கு நடுவே ஒவ்வொரு முறையும் அம்மா வந்து, "இது விறாந்தை, இது சாமியறை" என்று காட்டுகிறா. பிறகு ஒன்றும் ஓடவில்லை.

என் பங்கையும் சொல்ல வேண்டும். ஒரு கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் இன்னொன்று போடுவது மனிசருடைய வழக்கம். வரணி எழுபது மைல்கூட இல்லை. கால் சுகமானபின் நான் போயிருக்கலாம். பதில் வராதது எனக்கு வசதியாக இருந்தது. வெட்கத்தோடு அம்மாவின் முன் நிற்பதைவிட, அம்மா என்னை வேண்டாம் என்றா என்று நினைத்துக்கொண்டு சீவிப்பது லேசு.

மூலையைப் பற்றி: பனங்கட்டியோ சீனியோ எது கலந்தாலும் சீமெந்து இறுகாது. ஒரு பிடியே போதும் கெடுக்க, நீங்கள் ஒரு குட்டான் போட்டிருக்கிறீர்கள். அதனால்தான் சீனிச் சாக்கு வேண்டாம் என்றேன். ஏன் என்று எழுதவில்லை. வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டுக் காரணத்தைச் சொல்லாமல் போவது என் பழக்கம். அம்மாவுக்கும் அதைத்தான் செய்தேன்.

பயப்பட வேண்டாம், மற்றப் பதின்மூன்றுக்கும் ஒரு குறையும் இல்லை. அந்தப் பையை மட்டும் வெட்டி எடுத்துப் புதுப்பை போட்டால் சரி. வீரகத்திக்கு அரை நாள் வேலை. நான்தான் வர வேண்டும் என்றில்லை.

மார்கிறட்டுக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். இந்த முறை ஒன்றையும் விடவில்லை. எழும்பிப் போய் மிச்சச் சீலையை இறக்கினாள். பிறகு, "பாய் கழுவினதுக்கு அவா கவலைப்படத் தேவையில்லை. உப்பிருந்தால் கலவைக்குக் கூடாது எண்டு நீங்கள்தானே சொல்லுறனீங்கள்" என்றாள். மிச்சச் சீலையில் இன்னொரு மூலைப் பை தைத்து வைத்திருக்கிறாள். லொறியில் அனுப்புவதோ, கையில் கொண்டுபோவதோ என்று கேட்கிறாள். அதற்கு நீங்கள்தான் பதில் எழுத வேண்டும்.

தம்பி


உருத்திரபுரம்
12.8.1965

அருளப்புவுக்கு,

எழுத்துச் சரியோ என்று மார்கிறட்டிடம் காட்டு. உறையிலும் அப்படித்தான் போட்டிருக்கிறேன். காதுக்குள் மூன்று தரம் சொல்ல வேண்டுமென்றால் நீ கிட்ட வர வேண்டும்.

நேற்று வீரகத்தி மண்வெட்டியோடு வந்தான். "அரை நாள் வேலை ஆச்சி. வெட்டி எறிஞ்சுபோட்டுப் புதுசாப் போட்டுத்தாறன்" என்றான்.

"தொடாதை" என்றேன்.

"மழை வருமெல்லே?"

"அதுக்கு முதல் என்ர தம்பி வருவான்."

"எப்ப வாறாராம்?"

"கெதியா" என்றேன். சொன்ன பிறகுதான் எந்தச் சொல்லைச் சொன்னேன் என்று உறைத்தது. முப்பத்தொரு வருஷத்துக்குப் பிறகு அதே பொய்யை அதே வாயால். கொட்டிலுக்குள் போய்க் கொஞ்ச நேரம் இருந்தேன். பிறகு வெளியே வந்து வீரகத்தியிடம் உண்மையைச் சொன்னேன்: "வருவானோ எண்டு தெரியாது. வரவேணுமெண்டு எனக்கு ஆசை." அவன் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, "அப்ப நான் பொறுக்கிறன் ஆச்சி" என்றான்.

இரஞ்சிதத்துக்கு எட்டாம் மாதம். அதனால் உள்ளதை எழுதுகிறேன், பிறகு குறை சொல்லாதே. ஆவணி இருபதுவரை பொறுப்பேன். அதற்கு மேல் வீரகத்தி வந்து போடுவான். என் ஆசைக்காகப் பிறக்கப் போகிற பிள்ளையை நனையவிடமாட்டேன். ஒரு பிள்ளையைப் புதைத்த வீடு இது.

இன்றைக்குக் காலை மூலையை நானும் தவராசாவுமாக வெட்டி எடுத்துவிட்டோம். மண்வெட்டி போட்டதும் அள்ளுப்பட்டு வந்தது. எறும்பு வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. சீனிச் சாக்கு வேண்டாம் என்று நீ எழுதினபோது எறும்புக்காகத்தான் என்று நினைத்தேன். சீலையைக் கிழியாமல் உரித்து மடித்து வைத்திருக்கிறேன். கழுவவில்லை. அது மார்கிறட்டின் தம்பியுடையது, அவளுடைய கையில்தான் கொடுப்பேன். லொறிக்காரனிடம் கொடுக்கமாட்டேன்.

அவளுக்குச் சொல்லு, பையைக் கையில் கொண்டுவரச் சொல்லி அன்னபாக்கியம் கேட்கிறாள் என்று. ஊசியும் கொண்டுவரட்டும். வாயைத் தைக்கிறது அவள்தான் தைக்க வேண்டும்.

குட்டானைப் பற்றிப் பயப்படாதே. புதுசு ஒன்று வாங்கிக் கட்டியிருக்கிறேன். கலவைக்கு இல்லை. உங்கள் இரண்டு பேருக்கும் தேத்தண்ணியோடு கடிக்க.

சல்லி ஏற்றி வந்த வண்டில் படலைக்குள்ளால் வராது என்று தவராசா படலையைக் கழற்றினான். வண்டில் போன பிறகு, "திருப்பிப் பூட்டட்டோ மாமி?" என்று கேட்டான். கிடக்கட்டும் என்றேன். வேலியோடு சாத்திக் கிடக்கிறது. பக்கத்து வளவு மாடுகள் வந்து போகின்றன. துரத்திக்கொண்டிருக்கிறேன்.

ஈசான மூலைக் கிடங்கு திறந்து கிடக்கிறது. அடியில் கொஞ்சம் தண்ணீர் நிற்கிறது. பக்கத்து வளவுக்காரி எட்டிப் பார்த்து, "சும்மாதானே அக்கா கிடக்குது, ரெண்டு வாழைக்குட்டி தரட்டோ?" என்று கேட்டாள்.

வேண்டாம் என்றேன்.

அக்கா